கீறலுக்கு மாம்பழ மஞ்சள்

புது சைக்கிளின் பிளாஸ்டிக் உறையை நான் கடை வாசலிலேயே கிழித்துப் போட்டேன். எங்கள் வீட்டில் இன்றுவரை அது பெருங்குற்றம்.

"புது வண்டிடி! கவர் இருந்தா கீறு வுழாது. ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான வச்சிக்கினு இருக்காங்க?" என்று அம்மா கடைக்காரர் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நாங்களும் வைத்திருந்தோம். பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளை, உறை பிரிக்காமல், பூ மாதிரி பார்த்துக்கொண்டோம். மழைத் தண்ணீர் உறைக்குள் புகுந்தது. உள்ளே போகத் தெரிந்த தண்ணீருக்கு வெளியே வர வழி தெரியவில்லை. பரீட்சையெல்லாம் முடிந்து ஒருநாள் ஆசையாகப் பிரித்தால், உறையோடு பெயிண்ட்டும் உரிந்து வந்தது. அடியில் முழுக்கத் துரு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் சம்பளத்தில் நான் வாங்கும் வண்டிக்கு உறையே கிடையாது என்று. தினம் துடைப்பேன். எண்ணெய் விடுவேன். கீறல் விழுந்தால் அன்றைக்கே பெயிண்ட் தடவுவேன். இரும்பைக் காப்பாற்ற அது போதும்.

வண்டியின் நிறம் மயில்கழுத்து. வெளியூர்க்காரர்கள் இதை நீலம் என்பார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டு நீலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் பெயர் ஷாரோன். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது என் பொறுப்பு. கீறலே விழாத லென்ஸ் என்று எங்கள் முதலாளி விற்பார். கீறலே விழாத பொருள் உலகத்தில் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அவர்.

எங்கள் காலனியிலிருந்து கடைக்குப் போக நெசவாளர் தெரு ஒன்றுதான் நேர்வழி. அதை விட்டால் லாரியும் பஸ்ஸும் முட்டிக்கொள்ளும் மெயின் ரோட்டில் ஊரைச் சுற்ற வேண்டும். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சில நாள் காலையில் தெருவில் பட்டு நூல் பாவு நீளமாக விரித்துக் கட்டியிருக்கும். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் இழையெல்லாம் அதுதான். குடும்பமே இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தெளித்து, அறுந்த இழையைத் தேடி முடிந்து, வெயிலில் காய வைப்பார்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வருகிறவர் யாராக இருந்தாலும் வண்டியை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கலெக்டரே வந்தாலும் இறங்க வேண்டியதுதான். ஹேண்டில் பட்டு ஒரு பிடி இழை போனால் ஒரு வீட்டின் உழைப்பு போச்சு.

எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். பாவைப் பார்த்ததும் தூரத்திலேயே இறங்கிவிடுவேன், துப்பட்டாவைக்கூட இழுத்துச் செருகிக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

புது சைக்கிள் வந்த வாரத்தில் ஒருநாள், தெரு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. நான் மிதித்துக்கொண்டு போனேன். கடைசிக்கு முந்தின வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பஞ்சாட்சரம் கையை நீட்டி மறித்தார். நாலைந்து தறி வைத்திருக்கிறவர். தெருவில் பெரிய மனிதர் என்று பெயர், அந்தப் பெயரைக் கொடுத்தது பெரும்பாலும் அவரேதான்.

"எறங்கி தள்ளிக்கினு போமா."

"பாவு எங்க சார்?"

"பாவு இல்லன்னா இன்னா? தெருன்னு ஒரு மரியாத இருக்குது இல்ல?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் விஷால் என்று அந்தத் தெருப் பையன் ஒருத்தன் பைக்கில் டுர்ரென்று எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து போனான். பஞ்சாட்சரம் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த மரியாத அவனுக்குக் கெடயாதா சார்?" என்று கேட்டேன்.

"அவன் இந்தத் தெருப் புள்ள. நீ காலனி. உங்கப்பன் தேவாவக் கேளு, சொல்லுவான்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா சொல்வது உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் கத்தவில்லை. பெல்லை ஒருமுறை அடித்துவிட்டு மிதித்துக்கொண்டு போனேன். கத்தியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அன்று சாயந்திரம் அப்பாவைக் கேட்டேன். அப்பா தேவசகாயம் பெயிண்டர். வீடு, கேட், கிரில், பீரோ எதுவென்றாலும் அடிப்பார். அவருடைய சைக்கிள் என்னைவிட வயதில் மூத்தது, ஆனால் ஒரு பொட்டுத் துரு கிடையாது. ஒவ்வொரு பொங்கலுக்கும், வேலையில் மிஞ்சின பெயிண்ட்டை அதற்கு அடித்துவிடுவார். ஒரு வருஷம் டாக்டர் வீட்டு கேட்டின் பச்சை, மறு வருஷம் கல்யாண மண்டபத்து கிரில்லின் காப்பிக்கொட்டை நிறம். ஊரில் பாதி வீட்டு இரும்பு அந்த ஒரு வண்டிமேல் இருக்கிறது.

"அப்பா, அந்தத் தெருவுல நீ சைக்கிள தள்ளிக்கினா போற?"

"பாவு இருந்தா தள்ளணும் இல்ல?"

"பாவு இல்லாத நாளு?"

அவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே இருந்தார். அதிலிருந்து நிறம் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

"பாவு இருக்குதுன்னு நெனச்சிக்குவேன்மா," என்றார். "அப்பிடி நெனச்சிக்கினா கஷ்டம் தெரியாது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் எனக்கு அது உடனே கோபமாகத்தான் வெளியே வரும். "இத்தினி வருஷமா இல்லாத நூலுக்குப் பயந்துக்கினு நடந்தியா?" என்று கத்தினேன். அம்மா உள்ளேயிருந்து, "வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்காதடி, மெயின் ரோட்டுல சுத்திக்கினு போ," என்றாள். அப்பாவும் அதையே சொன்னார். நான் சொன்னேன்: "பாவு இருந்தா எறங்குவேன். இல்லன்னா எறங்க மாட்டேன். யாரு சொன்னாலும் இதான்."

அந்த வாரமே முதல் கீறல் விழுந்தது.

எங்கள் கடை முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை. பக்கத்துச் சந்தில், நெசவாளர் தெருவின் கடைசி வீட்டுச் சுவரோரம்தான் நிறுத்துவேன். வேலை முடித்து வந்து பார்த்தால், மேல் பைப்பில் முன்னாலிருந்து சீட்டு வரைக்கும் ஒரு கோடு. சுவரில் உரசினால் இப்படி விழாது. ஆணியோ சாவியோ வைத்து, அழுத்தி, பொறுமையாக இழுத்த கோடு. பெயிண்ட் போய் வெள்ளை இரும்பு தெரிந்தது.

அப்பா பார்த்துவிட்டு, "கலர் கலந்து தர்றேன். கீறு இருந்த எடமே தெரியாது," என்றார். அந்த வித்தையில் அவர் கெட்டிக்காரர். கார் டிங்கர் கடைக்காரர்களே அவரைத் தேடி வருவார்கள்.

"தெரியணும்பா," என்றேன்.

ஒரு வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சின மாம்பழ மஞ்சள் டப்பா பரண்மேல் இருந்தது. கீறலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முதலில் துருப்பிடிக்காமல் இருக்க சிகப்பு பிரைமர். அது காய்ந்ததும் பொடி பிரஷ்ஷால் கோட்டின் மேலேயே மாம்பழ மஞ்சள். மயில்கழுத்தில் மஞ்சள் எப்படி எடுக்கும் என்று பட்டு கட்டுகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தெருக்கோடியிலிருந்தே தெரிந்தது. இரும்புக்குள் தண்ணீர் போகாது, கீறினவர் கண்ணுக்கும் தப்பாது. மறுநாள் பெல் அடித்துக்கொண்டு பஞ்சாட்சரம் வாசலைத் தாண்டினேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்புறம் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அப்புறம் மட்கார்டில் இரண்டு. விழ விழ நான் மஞ்சள் அடித்தேன். கடைக்குக் கண்ணாடி வாங்க வந்த ஓர் அம்மா என் வண்டியைப் பார்த்துவிட்டு, "இந்த டிசைன் எந்தக் கடையில போட்டுத் தர்றாங்க?" என்று கேட்டார். "டிசைன் போடறவரு இந்தத் தெருக்காரருமா. கலர் மட்டும் நானு," என்றேன். அவர் அந்த டிசைன்காரரின் அட்ரஸ் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனால் அந்தச் சிரிப்பு தங்காது. யார் செய்வது என்று எனக்குத் தெரியும், ஆனால் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தவர் இருந்தும் சொல்பவர் இல்லை என்பதுதான் சரி. பூனைக்கு யார் மணி கட்டுவது?

ஐப்பசியில் ஒருநாள் சாயந்திரம் சந்துக்குப் போனபோது என் வண்டியையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பைப்பெல்லாம் பட்டு. தறியில் மிஞ்சின துண்டு இழைகள், அரக்கு, கிளிப்பச்சை, வாடாமல்லி, எல்லாவற்றையும் நெருக்கி நெருக்கிச் சுற்றி, பாவுக்குப் போடுகிற மாதிரியே கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருந்தது. தொட்டால் வழவழவென்று இருந்தது. கடைசி வீட்டு வாசலில் புவனேஸ்வரி அக்கா நின்றிருந்தார். பஞ்சாட்சரத்தின் தம்பி சிவபாலனின் மனைவி. அவரும் நெய்கிறவர். எங்கள் கடையில்தான் கண்ணாடி போட்டுக்கொண்டார், அதிலிருந்து எனக்குப் பழக்கம்.

"கீறு கீறா வுழுதேன்னு மனசு கேக்கல ஷாரோன். பட்டு சுத்திட்டேன். இனிமே எதுவும் எறங்காது," என்றார்.

அந்தத் தெருவில் ஒருத்தி எனக்காக ஒரு மத்தியானம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து இழை சுற்றியிருக்கிறாள். உறையே கூடாது என்று சபதம் எடுத்தவள் நான். அந்தப் பட்டைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. அம்மா அதைப் பார்த்து, "இப்பதாண்டி வண்டி மாதிரி இருக்குது," என்று நெட்டி முறித்தாள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. காஞ்சிபுரத்தில் ஐப்பசி மழை சொல்லிக்கொண்டு வராது, வந்தால் போகவும் போகாது. தினம் நனைந்தேன், வண்டியும் நனைந்தது. மழை விட்டபோது சைக்கிளிலிருந்து புளித்த கஞ்சி வாடை வந்தது. எறும்பு வரிசை கட்டி ஏறியது. கத்தரிக்கோலை எடுத்து ஓர் இடத்தில் வெட்டிப் பிரித்தேன். பட்டு ஈரம் விடாமல் உறிஞ்சி வைத்திருந்தது. கஞ்சி அதை இரும்போடு ஒட்டி வைத்திருந்தது. அக்கா பட்டு சுற்றின அன்றைக்கே விழுந்து, நான் பார்க்காமலே மூடிப்போன ஒரு கீறலிலிருந்து துரு கிளம்பி, இரண்டு பக்கமும் பெயிண்ட்டைத் தூக்கிவிட்டிருந்தது. இழைக்குக் கஞ்சி போட்டால் அது பலம். நெய்கிற கைக்கு எதைக் காப்பாற்றவும் அந்த ஒரு வழிதான் தெரியும். இரும்புக்கு அது விஷம் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று எனக்கு அப்போது புரிந்தது: கீறலெல்லாம் அவர் வீட்டுச் சுவரோரம்தான் விழுந்தது, அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பட்டை அள்ளி எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, கோச்சிக்காத. உள்ள துரு ஏறிடுச்சி."

அவர் முகம் சுருங்கிப்போனது. "ஐயோ, நல்லது பண்றேன்னு…"

"நல்லதுதான்கா பண்ண. ஆனா, கீறுனது யாருன்னு உனுக்குத் தெரியும். அத சொல்ல முடியாமதான் இதச் சுத்துன. இல்லியா?"

அக்கா கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "எம் மச்சாண்டாருமா. வூட்டுக்காரரோட அண்ணன். அவரு எதிருல நான் ஒக்காந்துகூடப் பேசுனது இல்ல. நான் இன்னான்னு சொல்றது?"

"நீ சொல்லாத. நான் கேக்கவும் மாட்டேன். ஆனா இனிமே மூடாத அக்கா. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க முடியாது."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு உறுத்தியது. அன்றிரவே துருவை இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்த்தேன், பிரைமர் அடித்தேன், மஞ்சள் அடித்தேன். துரு தின்ற இடம் அகலமாகிவிட்டதால் அந்தக் கோடு சேலை பார்டர் மாதிரி பட்டையாக வந்தது. வரட்டும்.

இதற்கு நடுவில் பஞ்சாட்சரம் அப்பாவை வழியில் பிடித்துவிட்டார். "இன்னாபா தேவா, பொண்ண இப்பிடியா வளக்கறது? அடக்கி வை. இல்லன்னா தெருவுல கூப்ட்டு கேக்க வேண்டி வரும்." அப்பா வந்து இதைச் சொன்னார். மறுநாள் காலையில், "எனக்கும் அந்தப் பக்கந்தான் வேல. சேந்து போலாம்," என்று பெயிண்ட் டப்பாக்களைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்குக் காவலா, என்னைத் தடுக்கவா என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

தெரு முனைக்கு வந்ததும் பார்த்தோம். பாவு விரித்திருந்தது. அரக்குச் சிவப்பு, வெயிலில் பளபளவென்று. அந்தத் தெருவிலேயே அவ்வளவு நீளப் பாவு நான் பார்த்ததில்லை. நான் உடனே இறங்கிவிட்டேன். அப்பா முன்னாலேயே இறங்கியிருந்தார். சுவரோரமாக, நான் முன்னே, அவர் பின்னே, தள்ளிக்கொண்டு போனோம். இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் புவனேஸ்வரி அக்கா கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார். எதிரே சிவபாலன். பாவின் அந்தக் கோடியில், கனமான கழியை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்துக்கொண்டு நின்றவர் பஞ்சாட்சரம். கயிற்றை முளையில் கட்டுகிற வரைக்கும் யாராவது ஒருவர் அப்படித்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். விட்டால் பாவு தொய்ந்து, இழையோடு இழை சிக்கி, எல்லாம் பாழ்.

அவரைத் தாண்டினேன். பாவு முடிந்தது. இன்னும் இரண்டு வீடு தூரத்துக்குத் தெரு காலியாகக் கிடந்தது. பெடலில் கால் வைத்தேன்.

"ஏய்! தெரு முடியிற வரைக்கும் தள்ளிக்கினு போ!"

திரும்பிப் பார்த்தேன். கழுத்தை மட்டும் திருப்பிக் கத்திக்கொண்டிருந்தார். கையை எடுக்க முடியவில்லை.

"பாவு அங்கயே முடிஞ்சிடுச்சி சார்," என்றேன்.

"தேவா! உன் பொண்ணு எறங்கறாளா, இல்ல நான் வரட்டா?"

"வாங்க சார். கழிய வுட்டுட்டு வாங்க. வந்து இன்னும் ஒரு கோடு போடுங்க. கீழ் பைப்பு மட்டும் காலியா இருக்குது, உங்களுக்காகத்தான் வுட்டு வச்சிருக்கேன்."

"நான் போட்டன்னு எவ பாத்தா?" என்று கத்தினார்.

தெருவே நிமிர்ந்து பார்த்தது. நான் அக்காவைப் பார்க்கவே இல்லை. கேட்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான்.

"நான் பாத்தன் மாமா."

கஞ்சிச் சொம்பு அக்கா கையிலேயே இருந்தது. குரல் சின்னதாக இல்லை. "சாவியால இழுத்தீங்க. மொதோ தடவையும் பாத்தன், அடுத்த தடவையும் பாத்தன். வாயத் தொறக்க பயந்துக்கினு பட்ட சுத்தி மூடுனன். அது உள்ளயே துருப் புடிச்சிடுச்சி."

"சிவபாலா! உன் பொண்டாட்டி பேசறத கேட்டுக்கினு நிக்கிற?"

சிவபாலன் குனிந்த தலை நிமிராமல் அறுந்த ஓர் இழையை முடிந்தார். முடிந்துவிட்டு, "கழிய கெட்டியா புடிண்ணா," என்றார். "பாவு தொய்யுது."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். பஞ்சாட்சரத்தின் முகம் பாவின் நிறத்துக்கு வந்தது. தன் சொந்தப் பாவைப் பிடித்துக்கொண்டு, நகர முடியாமல், அவர் அங்கேயே நின்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் மிதித்தேன், அவசரமே இல்லை. மயில்கழுத்தும் மஞ்சள் கோடும் வெயிலில் நன்றாகத் தெரியட்டும் என்று. கொஞ்ச தூரம் போனபிறகுதான் கவனித்தேன், பின்னால் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டப்பாக்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தமும். அவர் இன்னும் தள்ளிக்கொண்டுதான் வந்தார்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்கு வெட்கமாக இருக்கும்.

"அப்பா," என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "பாவு முடிஞ்சிடுச்சிபா."

செருப்புச் சத்தம் நின்றது. அப்புறம் சீட்டு ஸ்பிரிங் கிரீச்சென்றது, செயின் ஓட ஆரம்பித்தது. அவர் பெல் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்.